மன்னிக்கிறதா, கணக்குக் கேக்குறதா?

கேள்வி: அக்கா, நான் இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறேன், வயசு 47. எங்க சபையில ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கு. 60 குடும்பம், மாசம் 200 ரூபா சந்தா. வீட்டுல ஆள் தவறினா 25,000 ரூபா கையில குடுப்போம், பெட்டி, பந்தல், கதிரை எல்லாம் சங்கமே பாத்துக்கும். நான்தான் பொருளாளர், எங்க வீட்டுக்காரரோட தம்பி செயலாளர். பேங்க்ல காசு எடுக்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும், ஆனா ஒவ்வொரு தரமும் டவுனுக்குப் போனா ஒரு நாள் பேர் (நாள் கூலி) போயிடும்னு நான் வெறும் ஸ்லிப்புல அஞ்சாறு கையெழுத்துப் போட்டு அவருகிட்ட குடுத்து வச்சிருந்தேன். போன மாசம் கீழ் லயத்துல (லைன் வீட்டுல) ஒரு தாத்தா தவறிட்டாரு, காசு எடுக்கப் போனா கணக்குல 11,400 ரூபாதான் கிடக்கு. 185,000 காணோம். அந்த 11,400ல கை வைக்காம, கடன் வாங்கித்தான் அடக்கம் பண்ணினோம், பாட்டிக்குச் சேர வேண்டிய 25,000 இன்னும் குடுக்கல. கொழுந்தன்கிட்ட கேட்டா அழுதுட்டாரு. ருமேனியாவுக்கு அனுப்புறேன்னு சொன்ன ஏஜென்ட்கிட்ட கட்டிட்டாராம், அந்த ஆள் இப்ப ஃபோன் எடுக்குறதே இல்லயாம். அவருக்குக் கைக்குழந்தை இருக்கு. வெளிய சொன்னா என்னைய உயிரோட பாக்க மாட்டீங்கன்னு சொல்றாரு. போதகர் ஐயாகிட்ட மட்டும் சொன்னேன், "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்காரும்மா, விட்டுடுங்க, வெளிய போனா சபைக்குத்தான் அவமானம்"ங்கிறாரு. மகன் பொலிசுல என்ட்ரி போடச் சொல்றான். வீட்டுக்காரர் பேசுறதே இல்ல. என் தாலிக்கொடிய அடகு வச்சு சத்தமில்லாம கட்டிடலாமான்னு யோசிக்கிறேன். கிறிஸ்தவ அன்புன்னா இதுல எது அக்கா? கணக்குக் கேட்டா பழிவாங்குறதாகுமா? இந்தக் கோபத்தோட நான் திருவிருந்து எடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்துல ஆள் யாருன்னு தெரியக்கூடிய சில விஷயத்த மாத்திட்டுத்தான் மேல போட்டிருக்கேன். நீங்க கேட்ட கேள்விக்கு வர்றதுக்கு முந்தி, கொழுந்தன் சொன்ன அந்த வார்த்தைய பேசணும்.

"உயிரோட பாக்க மாட்டீங்க"ன்னு ஒருத்தர் சொன்னா நம்ம ஆளுக ஒண்ணு "சும்மா வெருட்டுறான்"னு விட்டுருவாங்க, இல்லாட்டி பயந்துபோய் வாய மூடிக்குவாங்க. ரெண்டும் வேணாம். நீங்களோ வீட்டுக்காரரோ அவர தனியா உக்கார வச்சு, சாகணும்னு நெனப்பு வருதா, எப்பல்லாம் வருதுன்னு நேராவே கேளுங்க. அப்படிக் கேட்டா இல்லாத நெனப்ப கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேட்டா பாதிப் பேருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அவர் சம்சாரத்துக்கு விஷயம் தெரியணும், ராத்திரியில தனியா விடக்கூடாது, வீட்டுல தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்து ஏதும் இருந்தா வேற வீட்டுல குடுத்துப் பூட்டி வைங்க. 1926க்கு எந்த நேரமும் கால் எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தோட இலக்கம், தமிழ்லயும் பேசலாம். நெலம மோசமாத் தெரிஞ்சா நேரா டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, காலையில பாக்கலாம்னு வைக்காதீங்க.

ஆனா அந்த வார்த்தைய சொன்னதுக்காக விஷயத்த மூடிட்டா அவர் பொழச்சுக்குவாருன்னு மட்டும் நெனைக்காதீங்க. இத்தன மாசமா அந்த மனுசன் இந்த ரகசியத்தோடதான் தனியா படுத்து எழும்பியிருக்காரு, அவர அந்த நெலமைக்குக் கொண்டு வந்ததே அந்த ரகசியம்தான், இப்ப நீங்களும் போதகரும் அதுல சேந்துட்டீங்க, ரெண்டு பேர் கூடினதால பாரம் கொறஞ்சிருக்குன்னு எனக்குத் தோணல. வெளிய வரணும், ஆனா பாதுகாப்பா வரணும், அது எப்படின்னு கீழ சொல்றேன்.

இப்ப ஏழெழுபது தரத்துக்கு வருவோம். மத்தேயு 18ம் அதிகாரம், பேதுரு கேக்க ஆண்டவர் சொன்னது, அதுல ஒரு மறுப்பும் இல்ல. ஆனா அந்த அதிகாரத்த முழுசா ஒரு தரம் வாசிச்சுப் பாருங்க. காணாமப் போன ஆட்டத் தேடிப் போறது முதல்ல வருது, அடுத்து 15ம் வசனத்துல உன் சகோதரன் குத்தம் செஞ்சா நீ போய் தனியா அவனுக்கு அத உணர்த்து, கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போ, அப்பவும் கேக்கலன்னா சபைக்குச் சொல்லுன்னு வருது, அதுக்குப் பிறகுதான் ஏழெழுபது தரம். யாராவது 15ஐ தாண்டி நேரா 22க்குப் போனா அது ஆண்டவர் சொன்ன வரிசை இல்ல. அப்புறம் அந்த ராஜா கதை. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன மன்னிச்சு விட்ட அந்த ராஜா முதல்ல என்ன செஞ்சாரு? கணக்குப் பாக்க உக்காந்தாரு. எவ்வளவு கடன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பிறகுதான் மன்னிப்பு. எவ்வளவுன்னே பாக்காம பொத்திட்டுப் போனா அங்க மன்னிச்சதுன்னு என்ன இருக்கு?

உங்களுக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்குறது அதே கதையோட ரெண்டாம் பாதின்னு நெனைக்கிறேன். மன்னிப்பு வாங்கிட்டு வெளிய வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனோட தொண்டையப் புடிச்சான் பாருங்க, அவன மாதிரி நாமளும் ஆயிடுவோமோங்கிற பயம். அந்தக் காலத்துல ஒரு பணம்கிறது ஒரு நாள் கூலி, 20ம் அதிகாரத்துல திராட்சத்தோட்டத்து ஆளுகளுக்குப் பேசின சம்பளம் அதுதான், அப்ப நூறு பணம்னா நம்ம பாஷையில நூறு பேர். உங்க சங்கத்துக் காச, நாள் சம்பளம் 1350 ரூபாயா இருந்த காலத்துக் கணக்குல பிரிச்சா 137 பேர் வருது. கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு தங்கச்சி, அந்த நூறு பணம் அந்த வேலைக்காரனோட சொந்தக் காசு, அவன் நெனச்சா விட்டுக் குடுத்திருக்கலாம். இந்த 185,000 உங்க காசு இல்ல, போதகர் ஐயாவோட காசும் இல்ல. 60 வீட்டுக்காரங்க பதினஞ்சு மாசத்துக்கு மேல கட்டின சந்தா, அதுல மழைக்காலத்துல அரைப்பேர் வாங்கிக்கிட்டு கட்டின 200ம் இருக்கு, இப்ப முதல்ல அது சேர வேண்டியது கீழ் லயத்துப் பாட்டிக்கு.

நீங்க மன்னிக்க வேண்டியது தனியா இருக்கு, அதுவும் லேசான விஷயம் இல்ல. உங்க கையெழுத்த வச்சு உங்களையே ஏமாத்தினாரு, அண்ணின்னு கூப்பிட்ட வாயாலயே மாசா மாசம் பொய் சொன்னாரு, உங்க வீட்டுக்குள்ளயே பேச்சு நின்னு போச்சு. இதெல்லாம் உங்க பங்கு, இத நீங்க இன்னைக்கே மன்னிக்கலாம், இல்ல ரெண்டு வருஷம் கழிச்சு மன்னிக்கலாம், யாரும் உங்கள அவசரப்படுத்த முடியாது. பாட்டியோட பங்க நீங்க மன்னிக்க ஏலாது. அது அடுத்த வீட்டு அரிசிய எடுத்து தானம் பண்ற மாதிரி.

போதகர் ஐயா மேல கோபப்படாதீங்க. சின்ன சபை, சுத்தி எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்குற எடம், ஏற்கனவே "மதம் மாத்துறவங்க"ன்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கும், அதுல "சபைக்காரன் சாவுக்காச அடிச்சுட்டான்"னு காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பிரட்டுக்களத்துல பேசினா எப்படி இருக்கும்னு அவருக்கு ஒரு பதட்டம், அது நியாயமான பதட்டம்தான். அவர் 1 கொரிந்தியர் 6ஐயும் நெனச்சிருக்கலாம், விசுவாசிக ஒருத்தர் மேல ஒருத்தர் வழக்குக்குப் போறத பவுல் கண்டிக்கிற எடம். ஆனா அங்கேயே பவுல் என்ன கேக்குறாரு, சகோதரருக்குள்ள வழக்குத் தீக்கத்தக்க ஒரு விவேகி கூடவா உங்களுக்குள்ள இல்லன்னு கேக்குறாரு. வழக்கே வேணாம்னு அவர் சொல்லல, உங்களுக்குள்ளயே ஒழுங்கா தீருங்கன்னுதான் சொல்றாரு. காசு விஷயத்துல பவுல் எவ்வளவு கவனம்னு 2 கொரிந்தியர் 8ல பாருங்க, எருசலேம் ஏழைகளுக்குச் சேத்த காசு, அத உடன் ஊழியரான தீத்துங்கிறவர் கையில மட்டும் குடுக்காம சபைகள் தெரிஞ்சு எடுத்த இன்னொரு சகோதரனையும் கூட அனுப்புறாரு, ஒருத்தரும் எங்களக் குத்தம் சொல்லக்கூடாது, கர்த்தருக்கு முன்னால மட்டும் இல்ல மனுசருக்கு முன்னாலயும் ஒழுங்கா இருக்கணும்னு காரணமும் சொல்றாரு. சபையோட மானத்த அவர் காப்பாத்தின விதம் இது. நான் சொன்னேன்னு சொல்லாம, இந்த ரெண்டு எடத்தையும் ஐயாகிட்டயே வெளக்கம் கேளுங்க, அவரே யோசிப்பாரு.

இன்னொண்ணு, இது உங்க கேள்விக்கு நேர் பதில் இல்ல, ஆனாலும் சொல்றேன். நம்ம மலையகத்து ஆளுகளுக்கு இரக்கம் ஒண்ணும் புதுசு இல்ல. கம்பளி குடுத்தாங்க, கிறிஸ்மஸ் பார்சல் குடுத்தாங்க, கண்ணுக்குக் கண்ணாடி குடுத்தாங்க, எல்லாத்துக்கும் வரிசையில நின்னு வாங்கி நன்றி சொன்னோம். ஆனா 1948ல சட்டம் போட்டு குடியுரிமைய எடுத்தாங்க, 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்குன்னு நம்மளக் கேக்காமலே எண்ணிப் பிரிச்சாங்க, மிச்சம் இருந்த நாடற்றவங்க பிரச்சினை 2003ல வந்த சட்டத்தோடதான் தீந்துச்சு. அந்த அம்பத்தஞ்சு வருஷமும் நமக்கு இரங்குனவங்களுக்குக் கொறச்சல் இல்ல, நியாயம் கேட்டவங்கதான் கொஞ்சம். பால் கஸ்பர்ஸ் அடிகளார் மாதிரி ஆளுகள இன்னும் நெனச்சுப் பாக்குறோம்னா அதுக்குக் காரணம் இருக்கு, யேசு சபைக் குருவானவர், 1972ல கண்டியில சத்தியோதயம்ங்கிற சமூக ஆய்வு நிலையத்த ஆரம்பிச்சு, தோட்டத்து ஆளுகள பாவம்னு பாக்காம உரிமையுள்ளவங்களாப் பாத்துப் பேசினாரு. நியாயம் இல்லாத இரக்கம் வாங்குறவங்களுக்கு எப்படி உறுத்தும்னு நமக்குத் தெரியாதா? அப்படி இருக்க, சங்கத்துல இருக்குற விதவைகிட்ட மட்டும் "பொறுத்துக்கோ பாட்டி, அன்பா இரு"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம். (கொஞ்சம் சூடா எழுதிட்டேன், பரவாயில்ல, அப்படியே இருக்கட்டும்.)

சரி, நியாயம்னா உங்க மகன் சொல்றதுதானான்னு கேப்பீங்க. மகனோட கோபம் வெளங்குது, சட்டத்துல இதுக்கு நம்பிக்கை மோசடின்னு பேரே இருக்கு, பொலிசுக்குப் போற உரிமை சங்கத்துக்கு முழுசா இருக்கு, அத "விசுவாசிக்கு அழகில்ல"ன்னு யாரும் பறிக்கக் கூடாது. அவர் ஒத்துக்க மறுத்தாலோ, காசு இன்னும் கையில இருந்தும் மறைச்சாலோ, கட்டுறேன்னு சொல்லிட்டு ஓடினாலோ நானே போங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா இங்க ஆள் ஒத்துக்கிட்டாரு, அழுறாரு, வேலை செய்ற ஒடம்பு இருக்கு. உள்ள தள்ளினா பாட்டிக்கு 25,000 வருமா? கைக்குழந்தைக்கு மாப்பால் யார் வாங்குறது? தண்டனையால யாருக்கு என்ன திரும்பக் கெடைக்கும்னு பாத்துத்தான் எதுவரைக்கும் போறதுன்னு தீர்மானிக்கணும்.

வரி வசூலிச்ச சகேயு விஷயத்துல பாருங்க. ஆண்டவர் அவன் வீட்டுல தங்கப் போறேன்னு சொல்லும்போது அவன் ஒரு காசும் திருப்பிக் குடுக்கல, ஒரு வார்த்த மன்னிப்பும் கேக்கல, ஊரே முறுமுறுத்துச்சு, பாவிகிட்ட தங்கப் போறாரேன்னு. இரக்கம் முன்னாலயே போய் அவன் வாசல்ல நின்னுருச்சு. அதுக்குப் பிறகு அவன் எழும்பி நின்னு பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமா வாங்கினது இருந்தா நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு சொல்றான். ஆண்டவர் "அதெல்லாம் வேணாம்ப்பா, மனசு மாறினதே போதும்"னு சொன்னாரா? சொல்லல. இன்னைக்கு இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்ததுன்னு சொன்னாரு, குடுக்கிறேன்னவன் கையத் தடுக்கல. இதுல நான் ரசிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. லேவியராகமம் 6ல தானா உணர்ந்து திருப்பிக் குடுக்கிறவன் முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் குடுத்தாப் போதும்னு இருக்கு. நாலு மடங்கு யாத்திராகமம் 22ல ஆட்டத் திருடி வித்தவனுக்குப் போட்ட அபராதம். சகேயு தன்னைய அந்தத் திருடன் வரிசையிலதான் வச்சுக்கிட்டான், யாரும் அவன அங்க தள்ளிவிடல.

உங்க கணக்குக்கு இத வச்சுப் பாத்தா, லேவியராகமத்துப்படி 185,000க்கு மேல 37,000 சேரும், மொத்தம் 222,000. கமிட்டி அத கேக்கலாம், தப்பு சொல்ல மாட்டேன். நான் அந்த எடத்துல இருந்தா முதல மட்டும் கேப்பேன், மேல் 37,000ஐ விட்டுடுவேன், காலமும் தாராளமா குடுப்பேன், மாசம் 7,500 ரூபான்னா 25 மாசத்துல முடிஞ்சிரும், மழை மாசத்துல பேர் கொறஞ்சா 5,000 கட்டிட்டு கைக்காசு வேலை வர்ற மாசத்துல சேத்துக் கட்டட்டும். ஆனா முதல்ல ஒரு ரூபா கொறைக்க மாட்டேன், ஒரு தவணை தவறினா கேக்காமலும் விட மாட்டேன். கருமம் சிதையாமல் கண்ணோடணும்னு வள்ளுவர் சொல்றது எனக்கு இந்த மாதிரி நேரத்துலதான் ஞாபகம் வரும், காரியமும் கெடக்கூடாது, முகத்தையும் பாக்கணும்.

தாலிக்கொடிய அடகு வைக்கிற யோசனைய விட்டுடுங்க. அன்புலதான் யோசிக்கிறீங்க, தெரியுது, கூடவே "வெறும் ஸ்லிப்புல கையெழுத்துப் போட்டது தெரியாமப் போயிடும்"னு ஒரு சின்ன நெனப்பும் இருக்கோன்னு மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்க. அடுத்தவன் கடன நான் கட்டுறேன்னு சொல்றது வேதத்துலயும் இருக்கு, எஜமானைப் பிரிஞ்சு போன அடிமை ஒநேசிமுக்காக பவுல் அந்த எஜமான் பிலேமோனுக்கு எழுதினாரு, அவன் உனக்கு ஏதாவது தர வேண்டியது இருந்தா என் கணக்குல போட்டுக்கோன்னு. ஆனா அத எப்படிச் செஞ்சாருன்னு பாருங்க. எழுத்துல செஞ்சாரு, என் கையாலயே எழுதுறேன்னு அழுத்திச் சொன்னாரு, அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் இல்ல அவன் வீட்டுல கூடுற சபைக்கும் சேத்துத்தான், அதோட ஒநேசிமுவ நேராவே திருப்பி அனுப்பினாரு, அவன் போய் முகத்துக்கு முகம் நிக்கணும். ரகசியமா கட்டி மறைச்ச கதை இல்ல அது. நீங்க குடும்பமா உதவணும்னா உதவுங்க, மாசம் ஆயிரமோ ரெண்டாயிரமோ, ஆனா கமிட்டிக்குத் தெரிஞ்சு, புத்தகத்துல எழுதி, அவர் கட்டுறதுக்கு மேல சேரணும், அவருக்குப் பதிலா கூடாது. தாலிக்கொடி உங்க கழுத்துலயே இருக்கட்டும், அத எடுத்துட்டா நாளைக்கு மூக்க நீட்டுற ஒவ்வொருத்தருக்கும் வேற ஒரு பொய் சொல்லணும்.

செய்ய வேண்டியத சொல்லிடுறேன். முதல்ல வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க, அவர் பேசலன்னா நீங்க பேசுங்க, கூடப் பொறந்தவன் பண்ணினதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இருக்குற மனுசன், உங்க மேல கோபம் இல்லன்னு எனக்குத் தோணுது. பிறகு அவரையும் கூட்டிக்கிட்டு கொழுந்தன்கிட்ட போங்க, அவர் சம்சாரமும் இருக்கணும். "இந்த ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு கமிட்டி கூடும், நீங்களே எழும்பிச் சொல்லணும், நாங்க ரெண்டு பக்கமும் உக்காந்திருப்போம்"னு தேதி போட்டுச் சொல்லுங்க. அவரே சொல்றதுக்கும் இன்னொருத்தர் வாயால வெளிய வர்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், பொஞ்சாதி புள்ளைங்க அந்த லயத்துலதான் இன்னும் இருக்கணும். அன்னைக்கு ராத்திரி யாராவது அவர் வீட்டுல தங்குங்க. கமிட்டின்னா கமிட்டி மட்டும், ஆராதனை முடிஞ்சு பிரசங்க மேடையில ஏத்தி நிறுத்துற வேலை வேணாம், அதுல நியாயமும் இல்ல, இரக்கமும் இல்ல, வேடிக்கைதான் இருக்கு. சங்கத்து ஆளுகளுக்கு வருஷக் கணக்கு வாசிக்கும்போது எவ்வளவு போச்சு, எப்படித் திரும்புதுன்னு உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும்.

அந்தக் கூட்டத்துல நீங்க ஸ்லிப்பு விஷயத்த முதல் ஆளா சொல்லிடுங்க. பேங்க்ல இருந்து போன ஒரு வருஷ ஸ்டேட்மென்ட் எடுத்து வைங்க, கையெழுத்துக்காரர மாத்துங்க, மூணு பேராக்கி அதுல ஒருத்தர் உங்க குடும்பத்துக்கு வெளிய இருக்கட்டும், பேங்குக்குப் போற ஆளோட பஸ் காசையும் அன்னைக்குப் பேரையும் சங்கமே குடுக்கட்டும். நீங்க வெறும் ஸ்லிப்புல கையெழுத்துப் போட்டது சோம்பேறித்தனத்தால இல்ல, ஒரு நாள் சம்பளம் போயிடும்னு பயந்துதான், அந்த பயத்த அப்படியே வச்சுக்கிட்டு "இனி ஒழுங்கா இருப்போம்"னு தீர்மானம் போட்டா அடுத்த பொருளாளரும் அதையேதான் செய்வாரு.

கட்டுற ஒப்பந்தத்த எழுதிக்கங்க. உங்களுக்குள்ள எழுதினதுல நம்பிக்கை வரலன்னா மத்தியஸ்த சபை இருக்கு, 1988ம் வருஷத்து 72ம் இலக்கச் சட்டத்துல வந்தது, அங்க லோயர் வச்சுப் பேசத் தேவையில்ல, ரெண்டு பக்கமும் உக்காந்து பேசி எழுத்துல தீத்துக்கலாம். பொலிசுக்கும் சும்மா விடுறதுக்கும் நடுவுல இப்படி ஒரு வழி இருக்குன்னு மகன்கிட்டயும் சொல்லுங்க, அவனுக்கு "ஒண்ணுமே நடக்கல"ங்கிற ஆத்திரம்தான்.

அந்த ஏஜென்ட யாரும் மறந்துடாதீங்க. உங்க கொழுந்தன் திருடினவரும்தான், திருட்டுக் குடுத்தவரும்தான், ரெண்டையும் ஒரே ஆளுக்குள்ள பாக்குறதுக்கு மனசு வராது, ஆனா பாக்கணும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989ங்கிற இலக்கத்துல கூப்பிட்டு அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, ரசீது, பேங்குல போட்ட துண்டு, வாட்ஸ்அப் மெசேஜ் ஏதும் இருந்தா அழிக்காம வைக்கச் சொல்லுங்க, முறைப்பாடு எழுதிக் குடுக்க போதகர் ஐயாவே கூடப் போகட்டும். மன்னிக்கச் சொன்ன ஐயாவுக்கு அந்த மன்னிப்பக் கையால செஞ்சு காட்ட நல்ல சந்தர்ப்பம். ஏஜென்ட்கிட்ட இருந்து ஏதாவது திரும்பி வந்தா அது முதல்ல சங்கத்துக்கு.

தண்டனைக்கு முடிவு எப்பன்னும் அதே ஒப்பந்தத்துல எழுதிடுங்க. இது ரொம்ப முக்கியம். நம்ம தோட்டத்துல ஒருத்தனுக்கு "கள்ளன்"னு பேர் விழுந்தா அவன் புள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் அந்தப் பேர் ஓடும். கொரிந்துவுல சபை தண்டிச்ச ஒருத்தனப் பத்தி பவுல் ரெண்டாம் கடிதத்துல எழுதுறாரு, அவனுக்கு இது போதும், இனி மன்னிச்சு ஆறுதல் சொல்லுங்க, இல்லாட்டி துக்கத்துல அமிழ்ந்து போயிடுவான்னு. கடைசித் தவணை கட்டுற அன்னைக்குக் கமிட்டி ஒரு கடிதம் குடுக்கட்டும், கணக்கு முடிஞ்சதுன்னு, பிறகு யாராவது குத்திப் பேசினா கமிட்டிக்காரங்களே வாய அடைக்கணும். அதுக்காக திரும்பவும் செயலாளர் ஆக்கணும்னு இல்ல. மன்னிச்சுட்டா சாவியத் திருப்பிக் குடுக்கணும்னு யார் சொன்னது, அவர் பந்தல் போடட்டும், கதிரை தூக்கட்டும், காசு வேற கையில இருக்கட்டும், அது அவருக்கும் நல்லது.

பழிவாங்குறேனோன்னு கேட்டீங்க. அடுத்த ஆளுக்குச் சேர வேண்டியத வாங்கிக் குடுக்குறது பழி இல்ல. அவர் சம்சாரத்த எல்லாரும் தண்ணி புடிக்கிற பீலியில வச்சு ஒரு வார்த்த கேட்டா அது பழி, அவர் கட்டின பிறகும் "என்ன இருந்தாலும்"னு ஆரம்பிச்சா அது பழி. மனசுக்குள்ள திட்டுறது வேற கணக்கு, அத பிறகு பாத்துக்கலாம்.

கடைசியா திருவிருந்து. கோபம் வந்தாலே பாவம்னு வேதம் சொல்லல, கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்னுதான் எபேசியர்ல இருக்கு, அதனால கோபத்துக்காக நிறுத்த வேணாம். மத்தேயு 5ல காணிக்கைய பலிபீடத்துலயே வச்சுட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு வருதே, அதுதான் உங்கள உறுத்துதுன்னு நெனைக்கிறேன். அந்த வசனத்த நல்லாப் பாருங்க, உனக்கு அவன் மேல குறை இருந்தான்னு அங்க இல்ல, உன் பேரில் அவனுக்குக் குறை உண்டென்றுதான் இருக்கு. அப்படிப் பாத்தா உங்க பேர்ல இன்னைக்கு உண்மையா குறை உள்ள ஆள் கொழுந்தன் இல்ல, கீழ் லயத்துப் பாட்டி. ஞாயித்துக்கு முந்தி அவங்களப் போய்ப் பாருங்க, ஆளோட பேரச் சொல்ல வேணாம், கணக்குல பிரச்சினை இருக்கு, கமிட்டி கூடினதும் நானே வந்து முழுசும் சொல்றேன், உங்க காசுதான் முதல்ல வரும்னு சொல்லுங்க. சொல்றது வெறும் வார்த்தையாவும் இருக்காது, கணக்குல 11,400 இருக்கு, இந்த மாசச் சந்தா 12,000 முழுசா சேந்தா 23,400, இன்னும் 1,600தான் தேவை. அடக்கத்துக்கு வாங்கின கடன் ஒரு மாசம் பொறுக்கும். அந்த 1,600ஐ கொழுந்தன் கையில இருந்து முதல் தவணையா வாங்குங்க.